கீத் ஜாரெட்டின் கோபத்தை ரசிகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டுமா?

கேள்வி: 2007-இல் இத்தாலியின் பெருஜியாவில் நடந்த உம்ப்ரியா ஜாஸ் விழாவில், பியானோ கலைஞர் கீத் ஜாரெட் வாசிக்கத் தொடங்கும் முன்பே, கேமராக்களை அணைக்கச் சொல்லி ரசிகர்களைக் கெட்ட வார்த்தைகளால் ஏசினார். மேதை என்பதற்காக இதை மன்னிக்கலாமா?

பதில் 1: மேடையிலேயே இசையை உருவாக்குபவருக்கு ஓர் இருமல்கூடக் கவனத்தைச் சிதறடிக்கும் என்பது உண்மைதான், ஆனால் அவருடைய வசவு படமெடுத்தவர்களோடு நிற்காமல் அந்த ஊரையும் சேர்த்தே தாக்கியது. கட்டணம் செலுத்தி அமைதியாக அமர்ந்திருந்தவர்கள் என்ன தவறு செய்தார்கள்?

பதில் 2: 2013-இல் அதே விழாவுக்குத் திரும்பியவர், மேடை விளக்குகளை அணைக்கச் செய்து இருட்டில் வாசித்தார். அழைத்தவர்களின் பொறுமையைத்தான் பாராட்ட வேண்டும்!

பதில் 3: கூட்டம் பிடிக்காத கனடியப் பியானோ கலைஞர் க்ளென் கூல்ட், 1964-இல் கச்சேரிகளைக் கைவிட்டு ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய்விட்டார், யாரையும் ஏசாத அந்த வழி ஜாரெட்டுக்கும் திறந்தே இருந்தது.