பாளையங்கோட்டைப் பக்கம் ஐந்து பேருக்கு வாடகை வீடு தேவை

அண்ணாச்சிமாரே, அக்காமாரே,

மனநல சிகிச்சையில் தேறியும் வீட்டில் சேர்த்துக்கொள்ள ஆளில்லாத ஐந்து பெண்களுக்கு வீடு தேடுகிறோம். குடும்பம் ஏற்கவில்லை, தங்க இடமில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவு. சட்டம் இருக்கிறது, வீடு கொடுக்கத்தான் ஆளில்லை.

தரைத்தள வீடாக, ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு ஒரே பஸ்ஸில் போகும்படி இருக்கட்டும். பட்டாசல் (கூடம்), இரண்டு அறை, இரண்டு கக்கூஸ். ஒன்று போதாது, உடன் தங்கும் பணியாளரோடு ஆறு பேர் காலையில் வரிசை நின்றால் சண்டை அங்கேதான் தொடங்கும். புறவாசலில் கிணறு இருந்தால் கம்பி மூடியை நாங்களே போட்டுக்கொள்கிறோம். குளியலறைத் தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்கும்படி மாற்ற அனுமதி வேண்டும். குடிதண்ணீருக்குத் தட்டுப்பாடு வரக் கூடாது: மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மாத்திரை சாப்பிடுபவருக்குச் சித்திரை வெயிலில் உடம்பில் நீர் வற்றினால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும், கை நடுங்கும், நடை தள்ளாடும்.

ஊருக்கு வெளியே தோட்ட வீடு வேண்டாம். கடை, கோயில், அக்கம்பக்கத்துப் பேச்சு எல்லாம் மருந்தோடு சேர்ந்ததுதான்.

வீட்டுக்காரரிடம் யாருக்கென்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மறைத்துப் பிடித்த வீட்டைத் தெருவில் பேச்சு எழுந்ததும் காலி செய்யச் சொல்வார்கள். ஒப்பந்தம் எங்கள் அமைப்பின் பெயரில், 11 மாதம். 3 மாத வாடகை அட்வான்ஸ்.

வீடு இல்லாவிட்டாலும், மாதம் ஒரு காலை ஆஸ்பத்திரி ஓ.பி.க்கு (புறநோயாளர் பிரிவு) மாத்திரை வாங்கப் போகும்போது துணைக்கு வர முடிந்தால் சொல்லுங்கள். மாத்திரை தீர்ந்த பிறகு போனால் இடைவெளி விழுந்து நோய் திரும்பும். ஐந்து நாள் முன்பே போக வேண்டும்.