மறு: மறு: ‘ஓப்பன் கன்ட்ரோலர்’ தமிழில் எப்படி?

கோணம் ஊரிலிருந்து:
நண்பர்களே, சிஎன்சி (கணினி நிரலால் ஓடும் இயந்திரங்கள்) பாடக் கையேடு திங்களன்று அச்சுக்குப் போகிறது. கன்ட்ரோலர் என்பது மெஷினை ஓட்டும் மூளை; ‘ஓப்பன் கன்ட்ரோலர்’ வரும் இடமெல்லாம் வெற்றாகக் கிடக்கிறது. ஓப்பன் சோர்ஸைத் திறமூலம் என்பதுபோல ‘திறமூலக் கட்டுப்படுத்தி’ என்று போட்டுவிடலாமா?

மார்த்தாண்டத்திலிருந்து:
தாராளமா போடுங்க சார். மரம் செதுக்கும் என் ரவுட்டரில் ஓடுவது ஜிஆர்பிஎல் என்ற திறமூல நிரல், ஆர்டுயினோ ஊனோ என்ற சின்ன மின்னணுப் பலகையில். ஹோமிங் (மெஷின் தன் தொடக்க மூலையைத் தேடிப் போவது) தப்பான மூலைக்குப் போனால் $23 என்ற அமைப்பை மாற்றுவேன். அதுவும் போதாதென்றால் நிரலையே திருத்துவேன். மூலம், அதாவது மூல நிரல், கையில் இருந்தால்தான் திறப்பு. 2012-இல் மேக்கர்பாட் கம்பெனி ரெப்ளிகேட்டர் 2 என்ற 3டி பிரிண்டரின் வடிவமைப்பைக் கொடுக்காமல் மூடிக்கொண்டதும், திறமூல 3டி பிரிண்டர் செய்யும் ரெப்ராப் ஆட்கள் கொதித்தது வேறெதற்கு?

நாகர்கோவிலிலிருந்து:
மக்கா, எனக்கு எதுக்குடே மூலம்? (வைத்தியரிடம் சொல்லும் மூலமும் வேண்டாம்.) எனக்க விஎம்சி-யில் (இரும்பு கடையுற பெரிய சிஎன்சி மில்லிங் மெஷின்) எவனாவது நிரலைத் திருத்தினா, சுத்துற ஸ்பிண்டில் வேலைப்பொருளைப் பிடிக்கிற வைஸில் போய் இடிக்கும். பேட்டரி தீர்ந்து பாராமீட்டர் (மெஷினுக்க அமைப்பு எண்கள்) அழிஞ்சப்போ, கம்பெனி ஆள் வாறது வரைக்கும் மெஷின் சும்மா நின்னுது. லாடருக்கு (சுவிட்சு, ரிலே வேலைகளை நடத்துற நிரல்) பாஸ்வேர்டு போடாம, பாராமீட்டர் பட்டியலைக் கையில் தந்து, வேற கம்பெனிக்க மோட்டார் டிரைவும் மாட்ட விட்டா அதுதான் எனக்கு ஓப்பன். இன்னொண்ணு: ஒனக்க ஸ்டெப்பர் மோட்டார் ஓடுறது ஓப்பன் லூப், போன இடம் சரியாண்ணு திரும்பிப் பாக்காது; எனக்க சர்வோ மோட்டார் குளோஸ்டு லூப், பாத்துத் திருத்திக்கிடும். எல்லாத்துக்கும் ‘திற’ண்ணு போட்டா பிள்ளைகள் பரீட்சையில் என்னத்த எழுதும்?

தக்கலையிலிருந்து:
‘திறமூலம்’ வினைத்தொகை. திறந்த, திறக்கின்ற, திறக்கும் என மூன்று காலமும் அதில் ஒடுங்கும். இன்று பூட்டிவிட்டு நாளை திறப்பேன் என்பவனும் அதற்குள் நுழைந்துகொள்வான். சிறுபாணாற்றுப்படையில் பொருநர்க்கும் புலவர்க்கும் அந்தணர்க்கும் ‘அடையா வாயில்’, அதாவது மூடாத வாயில், இருக்கிறது. ‘அடையாக் கட்டுப்படுத்தி’ என்போமே.

மார்த்தாண்டத்திலிருந்து:
ஐயா, ‘யாராலும் அடைய முடியாத கட்டுப்படுத்தி’ என்றல்லவா படிப்பார்கள்!

தக்கலையிலிருந்து:
நம் மாவட்டத்துக்காரர் பேசுகிற பேச்சா இது? ராத்திரி கடையை அடைக்கிறீர்கள், கோயிலில் நடை அடைக்கிறார்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து:
அடைக்கிறோம், அடையவில்லையே. தன்வினை வேறு, பிறவினை வேறு. கம்பெனிக்காரன் அடைக்கிறான், ஆகவே ‘அடைக்காக் கட்டுப்படுத்தி’. பாக்குக்கும் அடைக்காய் என்று பெயருண்டு, அது இன்னொரு வம்பு.

(இதன்பின் வெற்றிலை பாக்கைப் பற்றி வந்த மடல்களைத் தவிர்க்கிறேன் – கோணம்.)

நாகர்கோவிலிலிருந்து:
‘பூட்டிலா’ண்ணு போடுங்க சார். லேத்துக்காரனுக்கும் புரியும்.

கோணத்திலிருந்து:
நேரமில்லை. நிரலும் வரைபடமும் பொதுவில் கிடைத்தால் ‘திறமூலக் கட்டுப்படுத்தி’. நிரல் கம்பெனியிடமே இருந்து, இணைப்புக்கும் அமைப்புக்கும் தடையில்லை என்றால் ‘பூட்டிலாக் கட்டுப்படுத்தி’. ஓப்பன் லூப் இப்போதைக்கு ஓப்பன் லூப்பாகவே இருக்கட்டும். மூன்று பேர் சரி என்றுவிட்டார்கள்.

தக்கலையிலிருந்து:
நான் சரி என்னவில்லை. பூட்டு இல்லாத கதவில் உள்தாழ் போட்டிருக்கலாம். நாகர்கோவில் நண்பர் கேட்பது அந்தத் தாழையும் எடுக்கச் சொல்லித்தானே? என் வாக்கு அடையாவுக்கே. எதை அச்சிட்டாலும் ‘பூட்டிலா’வுக்குப் பின் க் மிகும், விட்டுவிடாதீர்கள்.