ஒரே வீடு, அக்காவுக்கு ஒரு வரி, தம்பிக்கு வேறு வரியா?

திருச்சிக்காரி:
1994ல் அப்பா என் பெயரிலும் தம்பி பெயரிலும் சேர்த்துக் கிரயம் பண்ணிய வீடு, சரிபாதி. இப்போது 48 லட்சத்துக்குக் கேட்கிறார்கள். விற்று வரும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி கட்ட வேண்டும். 2001க்கு முன் வாங்கியதால் அடக்கவிலையாகக் கொள்ளும் 1-4-2001 அன்றைய வழிகாட்டி மதிப்பு 10 லட்சம். நான் இங்கே, தம்பி துபாயில். 2024 ஜூலை பட்ஜெட்டில், விலைவாசிக்கு ஏற்ப அடக்கவிலையை உயர்த்திக் காட்டும் பணவீக்கக் குறியீட்டை எடுத்துவிட்டு, எதிர்ப்பு வந்ததும் 23-7-2024க்கு முன் வாங்கிய வீட்டுக்குப் குறியீட்டோடு பழைய 20 சதவீதம், குறியீடில்லாத புது 12.5 சதவீதம் இரண்டில் குறைவானதைக் கட்டலாம் என்றார்களே? தம்பிக்கு அது கிடையாது என்கிறார் ஆடிட்டர். நிஜமா?

மதுரை கணக்கர்:
நிஜம்தான் அக்கா. இங்கே வசிக்கும் தனிநபருக்கும் இந்து கூட்டுக் குடும்பத்துக்கும்தான் அந்தத் தேர்வு. 2001-02க்குக் குறியீடு 100, 2025-26க்கு 376. விற்பனையில் உங்கள் பங்கு 24 லட்சம், அதற்கான 5 லட்சம் அடக்கவிலை 3.76 மடங்காகி 18.8 லட்சமாகும். மீதி 5.2 லட்சத்துக்கு 20 சதவீதம், 1.04 லட்சம். தம்பிக்குக் குறியீடு இல்லாததால் 24 லட்சத்தில் 5 லட்சம் போக 19 லட்சத்துக்கு 12.5 சதவீதம், 2.375 லட்சம். வரியின் மேல் போடும் செஸ் தனி. இன்னொன்று, தம்பி பங்குக்கு வாங்குபவர் டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே வரி, பிடிக்க வேண்டும்; பெரும்பாலும் லாபத்துக்கு மட்டுமல்லாமல் முழுத் தொகைக்குமே பிடித்துவிடுவார்கள். பத்திரப்பதிவுக்கு முன்பே குறைவாகப் பிடித்தால் போதும் என்று வருமான வரித் துறை தரும் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

கோவை வாசகன்:
12.5ஐ ஒரேயடியாகத் திட்டாதீர்கள். 2001 மதிப்பைப் போல எட்டரை மடங்குக்கு மேல் விற்றால் புது விகிதம்தான் லாபம். சென்னையில் பல இடங்கள் அப்படித்தான் ஏறின. குறியீட்டுக் கணக்கில்லாமல் எல்லாருக்கும் ஒரே விகிதம் என்பது எளிமையும்கூட.

திருச்சிக்காரி:
எங்கள் தெருவில் ஐந்து மடங்குகூட ஏறவில்லையே ஐயா! விலைவாசி ஏறியதையெல்லாம் லாபம் என்று எழுதி அதற்கு வரி கேட்டால் எப்படி? கூரை ஒழுகியபோது மாற்றியது தம்பி அனுப்பிய பணத்தில். வெளிநாட்டில் இருக்கிறான் என்பதற்காக அவனுக்கு மட்டும் ரூபாயின் மதிப்பு குறையாமல் இருந்ததா? இருவருக்கும் ஒரே தேர்வு கொடுக்க வேண்டும், அதுதான் நியாயம்.

மதுரை கணக்கர்:
கூரைச் செலவுக்கு ரசீது இருந்தால் எடுத்து வையுங்கள், 2001க்குப் பிந்தைய மேம்பாட்டுச் செலவு என்றால் கழிக்கலாம். விற்ற ஆறு மாதத்துக்குள் லாபத்தை ஆர்இசி, பிஎஃப்சி போன்ற அரசு நிறுவனங்களின் 54இசி எனும் வரிவிலக்கு முதலீட்டுப் பத்திரத்தில் போட்டால் தம்பிக்கும் விலக்கு உண்டு. 50 லட்சம் உச்சவரம்பு, ஐந்து வருடம் எடுக்க முடியாது.

திருச்சிக்காரி:
2011ல் கூரை போட்ட பில் இருக்கிறது. இன்றிரவே தம்பிக்குப் போன் போடுகிறேன்.