புதுப்பிப்பு: வீட்டில் பிரஷர் பார்ப்பதும் கால் வீக்கமும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்து ஆட்களுக்காக, வீட்டில் பிரஷர் பார்ப்பது பற்றிப் போன வாரம் போட்ட பதிவில் ஒரு திருத்தம். மூன்று அளவின் சராசரி என்றிருந்தேன். முதலாவதைத் தள்ளிவிடுங்கள், அது பெரும்பாலும் கூடத்தான் காட்டும். ஒரு நிமிட இடைவெளியில் எடுக்கும் அடுத்த இரண்டின் சராசரி போதும். வீட்டில் 135/85ஐத் தொட்டாலே அதிகம். 140/90 என்பது கிளினிக்கில் அளக்கும்போது பார்க்கும் கணக்கு.

கையில் சுற்றும் பட்டை இதயத்துக்கு 10 சென்டிமீட்டர் கீழே இருந்தால் 7, 8 புள்ளி கூடும். செம்பனைக் குலை வெட்டிப் பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டாலும் பொய்யாக ஏறும்.

பலரும் கேட்டது: அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை தொடங்கியபின் கணுக்கால் வீங்குகிறதே, கிட்னி போய்விட்டதா? பெரும்பாலும் இல்லை. இந்த மாத்திரை இரத்தத்தைக் கொண்டு வரும் சிறு தமனிகளை விரிக்கும், திருப்பிக் கொண்டு போகும் சிரைகளை அவ்வளவாக விரிக்காது. வாய்க்காலில் வரத்து கூடி, வடிகால் பழைய அகலத்திலேயே இருப்பது போல. நடுவிலுள்ள தந்துகிகள் என்ற மயிரிழைக் குழாய்களில் அழுத்தம் ஏறி நீர் கசிகிறது. உடம்பில் நீர் சேர்ந்ததால் வந்த வீக்கம் அல்ல. அதனால்தான் நீர் மாத்திரைக்கு அவ்வளவாக வடிவதில்லை. அளவைக் குறைக்கலாம், பெரின்டோப்ரில் போன்ற வேறு வகைப் பிரஷர் மாத்திரை ஒன்றைச் சேர்க்கலாம். டாக்டர் முடிவு செய்யட்டும். நீங்களாக நிறுத்த வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், படுக்கும்போது மூச்சு முட்டினால், அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.

விடியற்காலை ரப்பர் பால் வெட்டக் கிளம்புகிறவர்களுக்கு எழுந்ததும் தலை சுற்றுகிறதா? உட்கார்ந்து ஒரு தடவை, எழுந்து நின்ற 1, 3 நிமிடங்களில் ஒவ்வொரு தடவை அளந்து பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், அளவுகளை ஒரு தாளில் எழுதி, அடுத்த கிளினிக் தவணைக்கு எடுத்துப் போங்கள்.