ஜப்பானுக்குக் கல்விப் பயணம்: 24 எம்பிஏ மாணவர்கள், 7 நாள். இந்தத் திட்டம் சரிவருமா?

கேள்வி:
மாணவர்கள் 24 பேர், ஆசிரியர்கள் 2 பேர். ஆகஸ்ட் 10 முதல் 16 வரை டோக்கியோ, நாகோயா, கியோட்டோ, ஒசாகா. ஒன்பது நிறுவனங்களைப் பட்டியலில் போட்டிருக்கிறோம். டோக்கியோவில் இறங்கி, அங்கிருந்தே திரும்புகிறோம். ஆளுக்கு ஒரு 7 நாள் ஜேஆர் பாஸ் (ஜப்பான் ரயில்களுக்கான பயணச் சீட்டு). பாதிப் பேர் சைவம். எதை மாற்றலாம்?

பதில் 1:
முதலில் தேதியை மாற்றுங்கள். ஆகஸ்ட் நடுவில் ஓபோன் வருகிறது. முன்னோரை வழிபட எல்லோரும் சொந்த ஊருக்குக் கிளம்பும் நாட்கள் அவை. பல தொழிற்சாலைகள் அந்த வாரம் முழுக்க மூடியிருக்கும், ரயிலில் இடம் கிடைப்பதும் பெரும்பாடு. ஏப்ரல் கடைசி, மே முதல் வாரமும் ஆகாது. அது கோல்டன் வீக் என்ற தொடர் விடுமுறை. ஜூனில் மழை பெய்யும், ஆனால் அலுவலகங்கள் இயங்கும்.

ஒன்பது நிறுவனம் மிக அதிகம். நான்கு போதும். ஒரு நாளில் மூன்று இடம் ஓடினால் கேள்வி கேட்கவே நேரம் இருக்காது.

பதில் 2:
நாகோயாவில் கார் தொழிற்சாலைக்குப் போகும் முன் டொயோட்டா தொழில் தொழில்நுட்ப நினைவு அருங்காட்சியகத்தில் அரை நாள் செலவிடுங்கள். திங்கட்கிழமை விடுமுறை. நாகோயா நிலையத்திலிருந்து மெய்தெட்சு நிறுவன ரயிலில் ஒரே நிறுத்தம், சாக்கோ நிலையம்.

அங்கே டொயோட்டா குழுமத்தின் நிறுவனர் சாகிச்சி டொயோடாவின் 1924ஆம் ஆண்டு ஜி வகைத் தானியங்கித் தறி இருக்கிறது. பாவு நூல் ஒவ்வொன்றிலும் ஒரு மெல்லிய உலோகத் தகடு தொங்கும். நூல் அறுந்தால் தகடு விழும், தறி தானே நின்றுவிடும். பழுதான துணி ஒரு முழம்கூட நெய்யப்படாது. ஒரே ஆள் பல தறிகளைக் கவனிக்கலாம். 'ஜிடோகா' என்று பாடத்தில் வருவது இதுதான். இதைப் பார்த்தபின் தொழிற்சாலையில் பழுது தெரிந்ததும் ஊழியர் கயிற்றை இழுத்து உதவி கேட்பதைப் பார்த்தால், சொல்லிக்கொடுக்காமலே புரியும். தொழிற்சாலையை முதலில் பார்த்தால் கயிறு வெறும் கயிறுதான்.

நிதி படிப்பவர்களுக்கு ஒசாகாவில் டோஜிமா பகுதி. அங்கு நடந்த அரிசி முன்பேர வணிகத்துக்கு (பின்னால் கைமாறும் அரிசிக்கு இன்றே விலை பேசுவது) ஷோகுன் என்ற ராணுவ ஆட்சியாளரின் அரசு 1730இல் அனுமதி கொடுத்தது.

பதில் 3:
பாஸ் வேண்டாம். 2023 அக்டோபரில் 7 நாள் பாஸ் 50,000 யென் ஆகிவிட்டது. டோக்கியோவிலிருந்து நாகோயா, அங்கிருந்து கியோட்டோ என்று தனித்தனியாக எடுத்தாலும் சுமார் 17,000 யென்தான். திரும்பும் விமானத்தை ஒசாகாவின் கான்சாய் விமான நிலையத்திலிருந்து போடுங்கள். டோக்கியோவுக்குத் திரும்பும் செலவும் அரை நாளும் மிச்சம்.

பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 160 செ.மீ. தாண்டினால் டோக்கைடோ ஷின்கான்சென் அதிவேக ரயிலில் பெரிய பெட்டிக்கு இடமுள்ள இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். 26 பேருக்கு அத்தனை இடம் ஒரே ரயிலில் கிடைப்பது கடினம். 'தக்யூபின்' கூரியரில் ஓட்டலிலிருந்து ஓட்டலுக்குப் பெட்டியை அனுப்பிவிடுங்கள். பெரும்பாலும் மறுநாள் வந்துவிடும், ஒரு நாள் மாற்றுடை மட்டும் கையில் இருக்கட்டும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. தேதியை ஜூனுக்கு மாற்றப் பேசுகிறோம். சாப்பாடும், நிறுவனத்தில் நடந்துகொள்ள வேண்டிய முறையும்?

பதில் 4:
'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் மீன் வரும். ஜப்பானியர் கணக்கில் 'நிகு' (இறைச்சி) என்பதில் மீன் சேராது. மிசோ சூப், நூடுல்ஸ் சாறு பெரும்பாலும் மீன் சீவலில் கொதித்த 'தாஷி'யில் செய்வது. இறைச்சி, மீன், தாஷி மூன்றும் கூடாது என்று ஜப்பானிய மொழியில் அச்சிட்ட அட்டை ஆளுக்கொன்று கொடுங்கள்.

விசிட்டிங் கார்டை எழுத்து வாங்குபவர் பக்கம் பார்க்க, இரு கையாலும் நீட்ட வேண்டும். வாங்கியதைப் பையில் திணிக்காமல், நிறுவனத்தார் உட்கார்ந்திருக்கும் வரிசையிலேயே மேசைமேல் வையுங்கள்; பெயர் சொல்லிக் கேள்வி கேட்கவும் உதவும். கேள்விகளை ஒரு வாரம் முன்பே அனுப்புங்கள். அப்போதுதான் பதில் தெரிந்த அதிகாரி கூட்டத்துக்கு வருவார்.