போரை எதிர்த்தோம், போனவர்களை எப்படி நடத்தினோம்? வடசென்னை அனுபவங்கள்

தண்டையார்பேட்டையிலிருந்து:

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இலங்கைக்குச் சென்ற இந்திய அமைதி காக்கும் படை, அவ்வாண்டு அக்டோபரிலேயே விடுதலைப் புலிகளுடன் நேரடிப் போரில் இறங்கியது. அதன் கடைசிப் பிரிவு 1990 மார்ச் 24 அன்று திருகோணமலையிலிருந்து கப்பலேறியது. இடைப்பட்ட காலத்தில் அந்தப் போரை எதிர்த்துச் சுவரொட்டி ஒட்டிய தெருக்களிலேயே, அந்தப் படையில் இருந்தவர்களின் வீடுகளும் இருந்தன. எங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு உண்டு. அந்த வீட்டம்மாவிடம் யாரும் சண்டை போடவில்லை, ஆனால் மகன் எப்படி இருக்கிறான் என்று யாரும் விசாரிக்கவும் இல்லை. போர் தவறு என்ற கருத்தில் உறுதியாக இருந்துகொண்டே போருக்குப் போனவரிடம் எப்படி நடந்துகொள்வது என்பதை நேரில் கண்டவர்களும் வீட்டில் கேட்டவர்களும் எழுதுங்கள். போர் சரியா தவறா என்ற விவாதத்தை வேறிடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

ராயபுரத்திலிருந்து:

என் அப்பா சென்னைத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தவர். படை திரும்பி வந்தபோது நடந்த வரவேற்பு நிகழ்ச்சிக்கு அன்றைய முதலமைச்சர் கருணாநிதி போக மறுத்தார். தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க இயலாது என்பது அவருடைய நிலைப்பாடு. அப்பாவுக்கும் அவருடைய சங்கத்துத் தோழர்களுக்கும் அதில் முழு உடன்பாடு இருந்தது. ஆனால் கப்பலிலிருந்து இறங்கியவர்களை அருகில் பார்த்தபோது, தாங்கள் மனத்தில் வைத்திருந்த 'படை' என்ற உருவத்தோடு அவர்கள் ஒத்துப்போகவில்லை என்று அப்பா சொல்லுவார். பலர் மீசை சரியாக அரும்பாத பிள்ளைகள், தமிழ் தெரியாதவர்கள், இது எந்த ஊர், ரயில் எப்போது வரும் என்று சைகையால் கேட்டுக்கொண்டு நின்றவர்கள். அப்பா சிலருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்திருக்கிறார். சங்கத்துக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, நேற்றுவரை கொடி பிடித்துவிட்டு இன்றைக்கு உபசாரமா என்று கேட்டதற்கு, "அனுப்பினவன் டெல்லில குந்திகினு கீறான், அவனாண்ட போய்க் கேளு. இவன் தாகம்னான், குடுத்தேன்" என்றாராம்.

இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க முடியும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். முதலமைச்சர் போகாதது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். அரசு மேடை போட்டு மாலை சூட்டினால் அது அந்தப் போருக்கும் சேர்த்துப் போட்ட மாலையாகிவிடும். தேநீருக்கு அந்தப் பொருள் கிடையாது. இன்னொன்றையும் சொல்லவேண்டும். படையை அனுப்பிய ராஜீவ் காந்தி 1989 தேர்தலிலேயே ஆட்சியை இழந்துவிட்டார். மிச்சப் படையையும் திரும்ப அழைத்துக்கொண்டது வி. பி. சிங் அரசு. ஆக, நம்முடைய கோபம் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்த நேரத்தில், அதைக் கேட்டுக்கொள்ள எதிரே நின்றவர்கள் சிப்பாய்கள் மட்டுந்தான்.

வியாசர்பாடியிலிருந்து:

நான் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். நவம்பர் மாதம் வந்தால் ஓய்வூதியக்காரர்கள் உயிர்ச்சான்று கொடுப்பதற்காக வருவார்கள். கைரேகை தேய்ந்துபோனவர்களுக்குக் கருவி ஒத்துழைக்காது. முகத்தைப் படம்பிடித்துச் சரிபார்க்கும் முறை வந்தபிறகு கொஞ்சம் பரவாயில்லை. அப்படி வருகிறவர்களில் ஒருவர் மெட்ராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரம்பூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவுக் காவல் பார்க்கிறார். என் கடைச்சுவரில் முள்ளிவாய்க்கால் நினைவு நாள்காட்டி ஒன்று தொங்கும். அவர் முதன்முறை வந்தபோது அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, தானும் யாழ்ப்பாணத்தில் இருந்ததாகச் சொன்னார். நான் ஏதாவது சொல்லுவேன் என்று காத்திருந்தார் போலும். ஆதார் எண்ணைக் கேட்டேன்.

பிறகு அவர் சொன்னவை ஒரே நாளில் சொன்னவை அல்ல. தமிழர்களைக் காப்பாற்றப் போகிறோம் என்று சொல்லித்தான் அழைத்துப்போனார்களாம். ஆகஸ்டில் மாலை போட்டு இளநீர் வெட்டிக் கொடுத்த அதே தெருக்களில் அக்டோபரில் கதவுகள் சாத்திக்கிடந்தன. தமிழ் தெரிந்தவர் என்பதால் சோதனைச்சாவடியில் இவரையே பேச நிறுத்தினார்கள். அதிகாரி இந்தியில் கேட்பதை இவர் தமிழில் கேட்பார். வருகிற வசவு முழுவதும் இவருக்கே வந்து சேரும். 'உனக்குத் தமிழ் தெரிந்துமா இப்படி' என்று ஒரு கிழவி கேட்டதை மட்டும் அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். ஊருக்கு வந்தால் இங்கேயும் அதே கேள்வி. கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து வேறு இலைக்குப் போனாராம்.

அவருக்கு இடது காது கேட்காது. குண்டுவெடிப்பில் போனது என்று அவர் சொல்லுகிறார். பணியால் ஏற்பட்டதல்ல என்று ஓர் அலுவலகம் ஊனமுற்றோர் ஓய்வூதியத்தை மறுத்துவிட்டது. ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் அமர்வு சென்னையிலேயே இருக்கிறது என்பதுகூட அவருக்குத் தெரியாது. மருத்துவச் சீட்டுகளைத் தேடி எடுத்து, நாள்வாரியாக அடுக்கி, வழக்கறிஞருக்குக் கொடுக்க வேண்டிய விவரக் குறிப்பைத் தட்டச்சு செய்துகொடுத்தேன். அந்தப் போர் நடந்திருக்கவே கூடாது என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன். அவர் மறுத்துப் பேசியதில்லை. ஒவ்வொரு டிசம்பர் 7 அன்றும் கொடிநாள் என்று சட்டையில் காகிதக் கொடியைக் குத்திக்கொண்டு புகைப்படம் எடுத்துப் போடுகிறவர்கள் எங்கள் பகுதியில் நிறையப் பேர். இந்த மனுவுக்கு நகல் எடுத்துத் தந்தது, அமைதிப்படையைக் கண்டித்துத் துண்டறிக்கை அச்சடித்த பழைய அச்சகத்துக்காரர்தான்.

திருவொற்றியூரிலிருந்து:

நான் ஆசிரியை. கும்மிடிப்பூண்டி அகதி முகாமிலிருந்து வந்து படித்த மாணவி ஒருத்தியின் பாட்டி, ரயிலில் சீருடைக்காரர் ஏறினால் இன்றும் இறங்கி அடுத்த பெட்டிக்குப் போய்விடுவார். அவர் 'இந்தியன் ஆமி' என்று சொல்லும்போது நினைப்பது 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். அன்று யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் படை நுழைந்து சுட்டதில் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியருமாக 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மேலே எழுதியவர்களின் நல்ல மனத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் 'அவன் என்ன செய்வான், அனுப்பினார்கள், போனான்' என்ற வாக்கியம், போகச் சொன்னதற்குப் பதிலாகலாம். மருத்துவமனை வார்டுக்குள் துப்பாக்கியை நீட்டியதற்குப் பதிலாகாது. அந்தப் போரில் 1,100-க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் உயிரிழந்தார்கள் என்பதையும், பரங்கிமலையில் பயிற்சி பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25 அன்று விழுந்ததையும், அவருக்குப் பரம் வீர் சக்கரம் கிடைத்ததையும் வகுப்பில் சொல்லுகிறேன். அதே மூச்சில் அந்தத் தீபாவளியையும் சொல்லுகிறேன். அந்த ஹவில்தாருக்கு வைத்தியம் பாருங்கள், ஓய்வூதியம் வாங்கிக் கொடுங்கள், அவரைப் பேசவும் விடுங்கள். பாட்டியிடம் போய், சிப்பாய்களை மன்னித்துவிடுங்கள் என்று கேட்கும் வேலையை மட்டும் நம்மில் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தண்டையார்பேட்டையிலிருந்து:

'பேசவும் விடுங்கள்' என்பதைப் பிடித்துக்கொள்கிறேன். 1971 ஏப்ரல் 23 அன்று வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் தங்கள் பதக்கங்களை வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு எதிரே வீசி எறிந்தார்கள். அவர்களைத் திரட்டிய அமைப்பு 1967-லேயே முன்னாள் சிப்பாய்களால் தொடங்கப்பட்டது. போரை எதிர்த்தவர்கள் சிப்பாய்களை ஒதுக்கிவைத்திருந்தால் அந்தச் சாட்சியம் ஊருக்குக் கிடைத்திருக்காது. நம்மூரில் அமைதிப்படையில் இருந்தவர்களை எந்த மேடைக்காவது அழைத்து, என்ன பார்த்தீர்கள் என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை. எதிர்த்தவர்களும் அழைக்கவில்லை, ஆதரித்தவர்களும் அழைக்கவில்லை. வியாசர்பாடி நண்பர் அந்த ஹவில்தாரிடம் மருத்துவமனையைப் பற்றிக் கேட்டதுண்டா?

வியாசர்பாடியிலிருந்து:

கேட்டேன். அவருடைய பட்டாலியன் அன்று அங்கே இல்லை என்றார். சுட்டவர்கள் யாரோ அவர்கள்தான் பதில் சொல்லவேண்டும், அதற்காகப் படையில் இருந்த எல்லோரும் வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை என்பது அவர் எண்ணம். தன் சாவடியில் கண்டவற்றில் சொல்லக் கூசுகிறவையும் உண்டு என்றார். அவற்றைச் சொல்லச் சொல்லி எழுதி வைத்திருக்கிறேன். காது வழக்கு முடியும்வரை அதை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். முடிந்ததும் இங்கே போடுகிறேன். ஆசிரியை அம்மா விரும்பினால் அவருக்கு மட்டும் முன்பே அனுப்பலாமா என்று ஹவில்தாரிடம் கேட்டுச் சொல்லுகிறேன்.