பச்சை நிறச் சிங்கி இறால் இரண்டு: எது என்ன இனம்?

வலைக்கயிறு:
தூத்துக்குடிப் பக்கம் விசைப்படகின் மடிவலையில் ஏறிய இரண்டு சிங்கி இறால்கள், இரண்டும் உயிரோடு இருக்கின்றன. முதலாவது 320 கிராம். கரும்பச்சை உடம்பு, வால் பகுதியில் நுண்ணிய வெளிர்ப் புள்ளிகள். இரண்டாவது 410 கிராம். மங்கிய பச்சை, வாலின் ஒவ்வொரு வளையத்திலும் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. புள்ளி இருப்பதால் முதலாவது ஹோமரஸ், வெள்ளைக் கோடு இருப்பதால் இரண்டாவது வெர்சிகலர் (இரண்டும் பானுலிரஸ் என்ற சிங்கி இறால் பேரினத்தின் இனப்பெயர்கள்) என்று எடுத்துக்கொள்ளலாமா? ஏற்றுமதிக்கு வாங்குபவர் இனத்தைப் பார்த்துத்தான் எடை பார்க்கிறார், அதனால் உறுதியாகத் தெரிய வேண்டும்.

பாறையிடுக்கு:
நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். நீங்கள் சொன்ன இரண்டு அடையாளங்களுமே ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களில் உண்டு. ஓடு கழற்றப் போகும் சிங்கியில் பாசி படிந்து புள்ளி மங்கும், புதிதாகக் கழற்றியதில் அதே புள்ளி பளிச்சென்று தெரியும். முள்ளும் பள்ளமும் அப்படி மாறாது. முதலில் கடல்நீரில் கழுவி, மீசையைப் பிடிக்காமல் (ஒடிந்துவிடும்) முதுகு ஓட்டைக் கையுறையோடு பிடித்து, இரண்டு இடங்களைப் பாருங்கள்.

ஒன்று, இரு பெரிய மீசைகளின் அடிக்கு நடுவே, கண்ணுக்கு மேலுள்ள கொம்புகளுக்கு முன்னால் இருக்கும் சிறு தகடு. அதிலுள்ள பெரிய முட்களை எண்ணுங்கள். நான்கும் ஏறக்குறைய ஒரே அளவில், தள்ளித் தள்ளி நின்று, நடுநடுவே பொடி முட்களும் சிதறிக் கிடந்தால் ஹோமரஸ். முன்னால் இரண்டு பெரிதாகவும் பின்னால் இரண்டு அதில் பாதி உயரமாகவும் இருந்தால் ஆர்னேட்டஸ் அல்லது வெர்சிகலர். இரண்டே முள் என்றால் பாலிஃபேகஸ் பக்கம் போங்கள். நான்கும் அடியில் ஒட்டி ஒரு கொத்தாக எழும்பி நின்றால் பெனிசிலேட்டஸ்.

இரண்டு, வால் வளையங்களின் மேற்புறம். நகத்தைத் தலைப் பக்கத்திலிருந்து வாலை நோக்கி மெல்ல இழுங்கள். வளையத்தின் குறுக்கே நகம் ஒரு பள்ளத்தில் இறங்கி, அந்தப் பள்ளத்தின் முன் விளிம்பு சிறு சிறு அலையாக நெளிந்திருந்தால் ஹோமரஸ். பள்ளம் உண்டு, விளிம்பு நேராக இருக்கிறது என்றால் பெனிசிலேட்டஸ். ஆர்னேட்டஸ், வெர்சிகலர், பாலிஃபேகஸ் மூன்றுக்கும் அங்கே பள்ளமே கிடையாது, வழவழப்பாக இருக்கும்.

இங்கே பலர் தவறுவது, வாலை மடக்கிப் பிடித்துக்கொண்டு பார்ப்பதில். மடக்கும்போது அடுத்த வளையத்துக்கு அடியில் மறைந்திருக்கும் வழுவழுப்பான பட்டை வெளியே வந்து, பள்ளம் போலவே தெரியும். வாலை நேராக நீட்டி, வளையத்தின் வெளித் தெரியும் பரப்பில் மட்டும் பாருங்கள். நம் கரையில் கிடைக்கும் ஹோமரஸ் வகையில் அந்த நெளிவு அவ்வளவு எடுப்பாக இருக்காது, முதுகின் நடுவில் பள்ளம் விட்டுப்போயிருக்கவும் கூடும். பக்கவாட்டில் தேடினால் கிடைக்கும். டார்ச்சைச் சாய்த்து அடித்தால் நிழலில் இன்னும் தெளிவாகத் தெரியும்.

உப்புக்காற்று:
வெள்ளைக் கோடு பற்றி ஒரு வார்த்தை. வெர்சிகலருக்கும் பாலிஃபேகஸுக்கும் ஒவ்வொரு வளையத்தின் பின் ஓரத்திலும், இருபுறமும் கருவரி பிடித்த வெள்ளைப் பட்டை உண்டு. குழப்பம் முழுக்க அங்கிருந்துதான் வருகிறது. உடனே பிரித்துக் காட்டுவது கால்தான். வெர்சிகலரின் கால் நீலம் கலந்தது, அதில் நீளவாக்கில் வெள்ளைக் கோடு பென்சிலால் இழுத்தது போல ஓடும். பெரிய மீசை வெள்ளையாகவும், மீசையடியின் உட்புறம் இளஞ்சிவப்பாகவும் இருக்கும். பாலிஃபேகஸில் இந்த எடுப்பான நிறங்கள் எதுவும் இல்லை. கால்களில் ஒழுங்கில்லாத வெளிர்த் திட்டுகள்தான், உடம்பும் சேற்றுப் பச்சை.

பிடிபட்ட இடமும் கொஞ்சம் உதவும். வெர்சிகலர் பவளப்பாறை ஆள், ஹோமரஸ் அலையடிக்கும் ஆழமில்லாத பாறைப் பகுதிக்காரன், பாலிஃபேகஸ் கலங்கிய நீரும் சேறும் உள்ள தரையில் வாழ்வது. மும்பை, குஜராத் பக்கம் அதிகம் கிடைப்பது அதுதான், நம் கரையிலும் உண்டு. மடி இழுத்தது சேற்றுத் தரையில் என்றால் வெர்சிகலரைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். ஆனால் இடத்தை மட்டும் நம்பி இனம் சொல்லாதீர்கள்.

வலைக்கயிறு:
பார்த்துவிட்டேன். முதலாவதில் நான்கு முள், முன்னிரண்டு பெரிது, பின்னிரண்டு ஏறக்குறைய பாதி. வால் வளையம் வழவழப்பு, பள்ளமே இல்லை. காலில் வெளுப்பும் கருப்பும் மாறி மாறி வளையம் போட்டது போல இருக்கிறது. வாலின் பக்கவாட்டில் கண் போன்ற ஒரு வெளிர்ப் புள்ளி, அதையொட்டி ஒரு சாய்ந்த கீற்று. இரண்டாவதில் இரண்டே பெரிய முள், பள்ளம் இல்லை, காலில் கோடு இல்லை, திட்டுத்தான். இதில் ஒரு முள்ளின் நுனி ஒடிந்திருக்கிறது, அது கணக்கைக் கெடுக்குமா?

பாறையிடுக்கு:
கெடுக்காது. வலையில் சிக்கியதில் முள் நுனி ஒடிவது சாதாரணம். உயரத்தை விட்டு அடிப்பகுதியின் தடிமனைப் பாருங்கள். பெரிய முள்ளின் அடி ஒடிந்த பிறகும் அகலமாகவே நிற்கும்.

முதலாவது பானுலிரஸ் ஆர்னேட்டஸ், இளசு. காலின் வளையங்களும் வாலின் பக்கக் கண்ணும் அதை உறுதி செய்கின்றன. வளையங்களின் நடுவே குறுக்காக ஒரு அகன்ற கருமைப் பட்டையும் தெரியும், பாருங்கள். ஹோமரஸ் காலில் இவ்வளவு தெளிவான வளையம் இருக்காது, புள்ளியும் கோடும் மங்கலாகத்தான் இருக்கும். வாலில் நுண்புள்ளி இரண்டு இனத்திலும் உண்டு, ஹோமரஸில் அது எடுப்பாகத் தெரியும், அவ்வளவே. இரண்டாவது பானுலிரஸ் பாலிஃபேகஸ்.

உங்கள் எடைக் கேள்வி இங்கேதான் தீர்கிறது. 2003-இல் மத்திய வணிக அமைச்சகம் ஏற்றுமதிக்கு வைத்த குறைந்தபட்ச எடை, உயிருள்ளதற்கு: ஹோமரஸ் 200 கிராம், பாலிஃபேகஸ் 300 கிராம், ஆர்னேட்டஸ் 500 கிராம். வேகவைத்ததற்கும் வால் மட்டும் என்றாலும் எடை வேறு. உங்கள் 410 கிராம் பாலிஃபேகஸ் தேறும். 320 கிராம் ஆர்னேட்டஸ் தேறாது. ஹோமரஸ் என்று எழுதியிருந்தால் தேறியிருக்கும், அதனால்தான் இந்த இரண்டையும் மாற்றிச் சொல்வது பெரிய தவறு. ஆர்னேட்டஸ் அரை மீட்டர் வரை வளரக்கூடிய இனம். 320 கிராமில் அது இன்னும் குஞ்சு. உயிரோடு, காலும் மீசையும் முழுதாக இருக்கும்போதே பாறையுள்ள இடத்தில் கடலில் விட்டுவிடுங்கள்.

உப்புக்காற்று:
விடுவதற்கு முன் நான்கு படம் எடுத்து வையுங்கள். முள்தகடு நேர் மேலிருந்து, நீட்டிய வால் மேற்புறம், கால்களோடு பக்கவாட்டுத் தோற்றம், அடிப்புறம், எல்லாவற்றிலும் பக்கத்தில் ஒரு அளவுகோல். அடிப்புறப் படத்தில் ஆணா பெண்ணா என்றும் தெரியும். கடைசிக் கால் ஜோடியின் நுனியில் சிறு இடுக்கி இருந்தால் பெண், அந்தக் காலின் அடியில் துவாரம் இருந்தால் ஆண். அடிவயிற்றில் சினை ஒட்டியிருந்தால் எடை எவ்வளவானாலும் விட்டுவிடுவதே முறை.

வேகவைத்தபின் படம் அனுப்பி இனம் கேட்காதீர்கள். சூட்டில் நீல, பச்சை நிறமிப் புரதம் சிதைந்து எல்லாமே சிவப்பாகிவிடும். அப்போது மிஞ்சுவது முள்ளும் பள்ளமும் மட்டும்தான். தலை நீக்கி வால் மட்டும் வந்தால் முள்ளும் போய்விடும். பள்ளம் உண்டா இல்லையா, உண்டென்றால் விளிம்பு நெளிந்ததா நேரானதா என்ற பிரிப்போடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.